பந்தோபஸ்து போக மிச்சமிருக்கும் காவல்

எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் வருடத்தில் எத்தனை நாள் எல்லா ஆட்களும் ஊரிலேயே இருப்பார்கள் என்று கேட்டால், ஸ்டேஷன் ரைட்டர்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார். டூட்டி நோட்டில் பெயர் இருக்கும். ஆள் பழநி அடிவாரத்திலோ, திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலோ, பசும்பொன் போகும் சாலையிலோ கயிறு பிடித்துக்கொண்டு நிற்பார்.

திண்டுக்கல்லிலிருந்து பழநி போகும் சாலையை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. ஸ்டேஷனுக்கு எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம், இவற்றோடு மனு எழுதிக் கொடுப்பதும் உண்டு. ஸ்டேஷன் படி ஏறத் தயங்குகிறவர்கள் முதலில் என் கடை பெஞ்சில்தான் உட்காருவார்கள். தண்ணீர் குடித்துவிட்டு, "எழுதுனா சரியா வருமாக்கா?" என்று கேட்பார்கள். அப்படி உட்கார்ந்தவர்களையும் எதிரே நடப்பதையும் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று உறுதியாகப் பட்டிருக்கிறது. இந்த ஸ்டேஷன் ஊருக்குச் செய்கிற நல்ல வேலையெல்லாம், வெளியூர் பந்தோபஸ்து போக மிச்சமிருக்கிற நேரத்தில்தான் நடக்கிறது. அந்த மிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று ஊர்க்காரர்கள்தான் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மனுக்களிலிருந்தே தொடங்குகிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். என்னிடம் எழுத வருகிறவற்றில் பெரும்பாலானவை திருட்டோ வெட்டுக்குத்தோ இல்லை. வரப்பைத் தள்ளிப் போட்டது, பொதுப்பாதையில் கல் ஊன்றியது, கைமாற்று வாங்கியவர் போனை எடுக்காதது, குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷன், தொலைந்துபோன ஆர்.சி. புத்தகம். இதில் பலவற்றைச் சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் முக்கால் சென்ட் வரப்புக்காக வக்கீல் வைத்து வருடக்கணக்கில் அலைய யாரால் முடியும்? அதனால் ஸ்டேஷனுக்கு வருகிறார்கள். மனுவை வாங்கி சி.எஸ்.ஆர். எண் போட்டு ஒரு ரசீது கொடுப்பார்கள். சமுதாயப் பணிப் பதிவேடு என்பதுதான் அந்த மூன்றெழுத்தின் விரிவு. "சி.எஸ்.ஆர். போட்டாச்சு" என்று எதிராளிக்குத் தெரிந்தாலே பாதிச் சண்டை ஆறிவிடும். அப்புறம் இரண்டு தரப்பையும் ஒரு நாள் கூப்பிட்டு, வேப்பமரத்தடியில் நிற்கவைத்து, எஸ்.எஸ்.ஐ. அரைமணி நேரம் பேசுவார். பல விவகாரம் அங்கேயே முடிந்துவிடும்.

இதே ரசீதைத் தப்பாகப் பயன்படுத்துவதும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வழக்குப் பதிய வேண்டிய குற்றத்துக்கும் சி.எஸ்.ஆர். கொடுத்து அனுப்பிவிடுவது பல ஊர்களில் பழக்கமாக இருக்கிறது. கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலிருந்தே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆகவேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆன்லைனில் அனுப்பிவிட்டு மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டாலும் போதும். மனு எழுதக் காசு வாங்கும்போது இதையும் சொல்லி அனுப்புவது என் கடமை என்று நினைக்கிறேன்.

ஸ்டேஷனுக்கு வருடம் பிறப்பது தை மாதத்தில். பொங்கல் முடிந்த கையோடு பழநி பாதயாத்திரை தொடங்கிவிடும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார் காவடி குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் வந்து எங்கள் சாலையில்தான் பழநி போகிறது. 400 வருட வழக்கம் என்று சொல்வார்கள். அதற்கு முன்னும் பின்னும் மதுரை, விருதுநகர், சிவகங்கை, இன்னும் எங்கெங்கிருந்தோ பச்சை வேட்டி கட்டிய கூட்டம் லட்சக்கணக்கில் நடக்கும். வெயிலுக்குப் பயந்து பலரும் இரவிலும் விடியலுக்கு முன்னாலும் நடப்பார்கள். பனி, இருட்டு, தூக்கக் கலக்கத்தில் லாரி டிரைவர், பின்னால் வரும் வண்டியைப் பார்க்காமல் பஜனை பாடிக்கொண்டு போகும் கூட்டம். இந்தச் சாலையில் தை மாதம் சாவு விழுவது இப்படித்தான்.

ஒரு வருடம் ராத்திரி பத்து மணி இருக்கும், கடையை அடைக்கப் போகிற நேரத்தில் ஒரு பெண் காவலர் வந்து கத்தரிக்கோல் கேட்டார். ஒளிரும் பட்டை ஒரு சுருள் வாங்கி வைத்திருந்தார்கள். அதை விரல் நீளத்துக்குத் துண்டுபோட்டு, சாலையோரம் நின்று, போகிறவர்கள் முதுகுப் பையில் ஒட்ட வேண்டும். ஸ்கூல் பையிலும் ரெக்சின் பையிலும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. வயதான அம்மாக்கள் தூக்கி வந்த துணி மூட்டையில் பிடிக்கவில்லை. பனியில் நனைந்த துணி, மேலே விபூதி வேறு. இரண்டு அடி நடப்பதற்குள் பட்டை கழன்று விழுந்தது. அவர் திரும்பி வந்து, "அக்கா, ஸ்டேப்ளர் குடுங்க" என்றார். ஒவ்வொரு மூட்டையாக நிறுத்தி, பட்டையை வைத்து நான்கு மூலையிலும் பின் அடித்தார். "வலது பக்கமா நடங்க பாட்டி, எதிர்ல வர்ற வண்டி உங்க கண்ணுக்குத் தெரியணும்" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். பின் தீர்ந்துபோய் இன்னொரு டப்பா உடைத்துக் கொடுத்தேன். அந்தச் சுருள் அரிசி மண்டிக்காரர் வாங்கிக் கொடுத்தது. சர்க்கார் ஒதுக்கீடு எல்லா வருடமும் நேரத்துக்கு வந்து சேர்வதில்லை.

அந்த வருடம் எங்கள் ஸ்டேஷன் எல்லையில் பாதயாத்திரைக்காரர் யாரும் அடிபடவில்லை. மாதம் முடிந்து எஸ்.பி. அலுவலகத்தில் நடக்கும் கிரைம் மீட்டிங்கில் எத்தனை ஹெல்மெட் கேஸ், எத்தனை குடிபோதைக் கேஸ், எத்தனை பிடிவாரண்ட் நிலுவை என்று கேட்பார்கள். அடிபடாமல் பழநி போய்ச் சேர்ந்தவர்களை எழுத அங்கே கட்டம் இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் வருத்தம் உண்டு. எண்ணிக்கை காட்டினால்தான் வேலை செய்ததாகக் கணக்கு என்றால், முகூர்த்த நாளன்று கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில் நின்று ஹெல்மெட் கேஸ் எழுதத்தான் தோன்றும். மூட்டைக்கு ஸ்டேப்ளர் பின் அடிக்க யாருக்குத் தோன்றும்?

பங்குனியில் பொதுத்தேர்வு. வினாத்தாள் கட்டுக்காப்பு மையத்துக்கு இரவு பகலாகத் துப்பாக்கியோடு காவல். அது அமைதியான டூட்டி, அங்கே போகிறவர்கள் சந்தோஷமாகப் போவார்கள்.

சித்திரையும் வைகாசியும்தான் நெருப்பு. சுற்றியிருக்கிற அத்தனை கிராமத்திலும் மாரியம்மன், காளியம்மன், முத்தாலம்மன் சாட்டுதல். அனுமதி மனு எழுத வரிசையில் நிற்பார்கள். மைக் செட்டுக்கு இரவு பத்து மணி வரைதான் அனுமதி. ஆடல் பாடல் நிகழ்ச்சி கேட்டு ஸ்டேஷனில் கிடைக்காதவர்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் உத்தரவு வாங்கி வருவார்கள். ஆபாசம் கூடாது, சாதிப் பாட்டு கூடாது, கட்சிக் கொடி கூடாது என்று நிபந்தனையோடு அது வரும். நிபந்தனையை நான்தான் நகல் எடுத்துக் கொடுப்பேன். படித்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். முதல் மரியாதை யாருக்கு, தேர் எந்தத் தெரு வழியாகப் போகும், இந்தத் தெருவில் நிற்குமா நிற்காமல் போகுமா என்பதில் வருகிற பகைதான் ஊரைக் கொளுத்தும். தாசில்தார் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும், டி.எஸ்.பி.யும் இன்ஸ்பெக்டரும் உட்காருவார்கள், இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும். வெளியே தெரிவது அவ்வளவுதான். அதற்கு முந்தின வாரங்களில் நடப்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எங்களிடம் இருந்த ஒரு எஸ்.ஐ. பங்குனி கடைசியிலேயே அப்படிப் பகை உள்ள ஊருக்குப் போய்வர ஆரம்பித்துவிடுவார். ஜீப்பை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்துபோய் இரண்டு தெரு டீக்கடையிலும் டீ குடிப்பார். போன வருடம் கல் எறிந்த பையன்கள் யார் யார், இந்த வருடம் லீவில் வந்திருக்கிறார்களா, திருப்பூரிலேயே இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்வார். தேவைப்பட்டவர்களை வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தி, ஒரு வருடத்துக்கு அமைதி காப்பேன் என்று பிணைப் பத்திரம் எழுதி வாங்குவார். முன்பு 107-ஆவது பிரிவு என்று சொல்வார்கள், புதிய சட்டத்தில் 126. பையனின் அப்பாவிடம் தனியாகப் பேசுவார்: "கேஸ் ஆச்சுன்னா வெளிநாட்டுக்கு அனுப்ப பாஸ்போர்ட் கெடைக்காதுங்க. நீங்களே சொல்லி வைங்க." அந்தப் பேச்சுக்கு இருந்த பலன் திருவிழா அன்று இறக்குகிற இருநூறு பேருக்கும் கிடையாது என்பது என் எண்ணம். இருநூறு பேரும் ராத்திரியே வேனில் ஏறிப் போய்விடுவார்கள். பகை ஊரிலேயேதான் இருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் கும்பிடலாம், இன்னொரு பக்கம் தூர நிற்கணும் என்கிற ஏற்பாட்டை "அமைதி" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த வருடம் கலவரம் நடக்கவில்லை என்பதால் அது சரியாகிவிடாது. மாவட்டத்தில் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கிராமத்துக்கு வந்து தீண்டாமைக்கு எதிராகக் கூட்டம் போட்டு உறுதிமொழி எடுக்க வைப்பார்கள். உறுதிமொழியை எல்லோரும் சத்தமாகத்தான் சொல்கிறார்கள். தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்ததும் பேச்சுக் கூட்டங்கள். பதினெட்டு வயது ஆகாத பையன் வண்டி ஓட்டினால் 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் என்று இன்ஸ்பெக்டர் மேடையில் சொல்வார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், குழந்தைத் திருமணம், குழந்தைகள் உதவி எண் 1098 பற்றிப் பெண் காவலர் சொல்வார். ஆகஸ்ட் 11 அன்று போதை ஒழிப்பு உறுதிமொழி. இவை வருடா வருடம் நடக்கிற வேலைகள்தான். ஆனால் ஒரு முறை பேச்சு முடிந்தபின் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பெண் காவலருக்குப் பின்னாலேயே கேட் வரை நடந்து வந்து ஏதோ சொன்னாள் என்றும், அதன் பிறகு ஒரு வழக்குப் பதிவானது என்றும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் எழுதமாட்டேன். அந்த ஒரு பெண்ணுக்காக எத்தனை கூட்டம் வேண்டுமானாலும் போடலாம்.

ஆவணி பிறந்ததும் ஸ்டேஷன் காலியாகத் தொடங்கும். விநாயகர் சதுர்த்தி சிலை ஊர்வலம், செப்டம்பர் 11 பரமக்குடி, அக்டோபர் 30 பசும்பொன், நடுவில் தீபாவளி, கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர், கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை. எங்கள் ஸ்டேஷனிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஆள் கேட்டு ஓலை வரும். மூன்று நாள், நான்கு நாள் கல்யாண மண்டபத்துத் தரையில் படுத்து எழுந்து, காலில் கொப்புளத்தோடு திரும்பி வருவார்கள். வார விடுப்புக்கு 2021-இல் அரசாணை வந்தது. கேட்டு எல்லோரும் மகிழ்ந்தோம். இந்த மாதங்களில் அந்த விடுப்பு எங்கே போகிறது என்று போலீஸ் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

அவர்கள் இல்லாத நாட்களில் ஊர் என்ன ஆகிறது? வாசல் காவலான பாராவுக்கு ஒருவர், ரைட்டர், மருத்துவ விடுப்பு முடிந்து வந்த ஒருவர். இரவு ரோந்து ஒரே பைக். வங்கி, ஏ.டி.எம்., நகைக்கடை வாசலில் தொங்கும் ரோந்துப் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டபடியே அந்த ஒருவர் ஊரைச் சுற்ற வேண்டும். லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால் பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள், நல்ல ஏற்பாடு. பார்க்க ஆள் இருந்தால்தானே பார்ப்பார்கள்? கேமரா இருக்கிறதே என்பீர்கள். வியாபாரிகள் சங்கம் பணம் போட்டுக் கடைவீதி முழுக்க மாட்டினோம். மாட்டுவதற்குப் பணம் கொடுத்தவர்கள் பராமரிக்கக் கொடுக்கவில்லை. மழைக்காலம் வந்தால் பாதி கண் மூடிக்கொள்ளும்.

அப்படி ஒரு பந்தோபஸ்து வாரத்தில்தான் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் கடைக்கு வந்தார். நிரந்தர வைப்புப் பத்திரத்தை நீட்டி நகல் கேட்டார். காதில் போன். பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அவர் பேசவில்லை; "ஆமா சார்", "சரி சார்" மட்டும்தான். கை நடுங்கியது. யார் என்று சைகையில் கேட்டேன். துண்டுத்தாளில் "மும்பை போலீஸ்" என்று எழுதிக் காட்டினார். சாலையைத் தாண்டி ஓடினேன். ஸ்டேஷனில் இருந்தது ஒரு ஏட்டையா மட்டும். காய்ச்சல் என்று பந்தோபஸ்துக்குப் போகாமல் பாராவில் உட்கார்ந்திருந்தார். ரைட்டரைப் பாராவில் நிற்கவைத்துவிட்டு என் கடைக்கு வந்து, ஆசிரியரின் கையிலிருந்த போனை மெதுவாக வாங்கி, "திண்டுக்கல் மாவட்டப் போலீஸ் பேசுறேன். நீங்க எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டார். லைன் அறுந்தது.

காலையிலிருந்து அவரை வீடியோ காலில் வைத்து, உங்கள் பெயரில் கூரியரில் போதைப்பொருள் வந்திருக்கிறது, டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று மிரட்டியிருக்கிறார்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஒரு தொகை ஏற்கெனவே போயிருந்தது. ஏட்டையா அங்கேயே நின்று சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்து விவரம் கொடுத்தார். பணம் போன கொஞ்ச நேரத்துக்குள் அழைத்தால்தான் அது அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க முடியும். முடங்கியது. கோர்ட் உத்தரவு வாங்கித் திரும்பக் கைக்கு வர மாதங்கள் ஆயின, ஆனால் வந்தது. வைப்பு நிதி தப்பியது. அன்றைக்கு ஏட்டையாவுக்குக் காய்ச்சல் வந்திராவிட்டால் அவர் நூறு மைலுக்கு அப்பால் கயிறு பிடித்திருப்பார்.

இவ்வளவு எழுதிவிட்டு சாத்தான்குளத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் அது நேர்மையாக இருக்காது. 2020 ஜூனில் செல்போன் கடை நடத்திய ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனில் அடிபட்டு அடுத்தடுத்து இறந்தார்கள். அதுவும் எங்கள் ஊரைப்போலச் சின்ன ஊர்தான், கடைவீதிதான். என்னைப்போல ஒரு கடைக்காரர்தான். அந்த வாரம் என் கடைக்கு மனு எழுத யாரும் வரவில்லை. எதிரே பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அந்த ஸ்டேஷனின் தலைமைக் காவலர் ரேவதி. சக ஆட்கள் வெளியே நிற்கும்போதே அவர் சாட்சி சொன்னார். அந்தத் துணிச்சலை நான் மறக்கமாட்டேன். 1993-இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப் தொடங்கிய, போலீசுக்கு உதவும் பொதுமக்களின் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் அமைப்புக்கு அந்த ஜூலையில் அரசு தடை போட்டது. டிசம்பரில் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படியும் 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் விசாரணையில் இறந்தார்.

அந்த எஸ்.ஐ. டீ குடித்த தெருக்களில் எந்தப் பையனையும் அடித்து விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளை, அப்பா யார், யார் சொன்னால் கேட்பான் என்று அவருக்குத் தெரியும். ஆளைத் தெரியாத இடத்தில், மேலிடத்து அவசரத்தில் கை ஓங்குகிறது. தெரிந்த போலீசுக்கும் கை நீளும் என்பதற்குச் சாத்தான்குளமே சாட்சி. அதனால் கேமராவும் வேண்டும், மாஜிஸ்திரேட்டும் வேண்டும், ரேவதி போன்றவர்களும் வேண்டும். ஆனாலும் மாறாமல் ஊரிலேயே இருக்கிற போலீஸ் நமக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிறார். மறுநாள் காலையில் அதே கடையில்தான் அவரும் பால் வாங்க வேண்டும்.

கிராமத்துக்கு ஒரு காவலர் என்று கிராம விழிப்புணர்வுக் காவலர் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பஞ்சாயத்துச் சுவரில் பெயரும் போன் நம்பரும் எழுதியிருப்பார்கள். எங்கள் பக்கத்துக் கிராமச் சுவரில் இருக்கும் நம்பருக்கு அழைத்தால் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனவர் எடுக்கிறார். பாவம், அவரும் பொறுமையாகத்தான் பதில் சொல்கிறார்.

அதனால் வியாபாரிகள் சங்கமும் பாதயாத்திரைக் குழுக்காரர்களும் சேர்ந்து எஸ்.பி.க்கு ஒரு மனு கொடுக்கப் போகிறோம். நான்தான் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு ஆண் காவலரையும் ஒரு பெண் காவலரையும் ஊர் வேலைக்கென்று விட்டுவைக்க வேண்டும், எந்த பந்தோபஸ்துக்கும் எடுக்கக்கூடாது. கிராமக் காவலரை இரண்டு வருடத்துக்குள் மாற்றக்கூடாது. சுவரில் எழுதும் நம்பர் ஆளுக்கு உரியதாக இல்லாமல் ஸ்டேஷனுக்கு உரியதாக இருக்க வேண்டும், ஆள் மாறினாலும் நம்பர் மாறக்கூடாது. வரைவை இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன். அவர் கையெழுத்துப் போட முடியாது, தெரியும். படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "எடுக்கக்கூடாதுன்னு எழுதாதீங்கம்மா, சுழற்சி முறையில் விலக்கு அளிக்கணும்னு எழுதுங்க. அப்பதான் மேல போகும்." மாற்றிவிட்டேன்.

வருகிற புதன்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கிறோம். செவ்வாய் இரவு வரை மனு கடையில் இருக்கும். பெயரும் தெருவும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், ஆதார் நகல் தேவையில்லை.